அப்பாவின் காணி வழக்கு தாக்கலே செய்யப்படவில்லை. சட்டத்தரணி மீது எங்கே முறையிடுவது?

வேப்பமரத்தடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்பாவுக்கு மூதூர்ப் பக்கம் அரை ஏக்கர் காணி. 2006இல் இடம்பெயர்ந்தோம். திரும்பிப் போனபோது பக்கத்துக் காணிக்காரர் வேலியைத் தள்ளி அடைத்து, தென்னையும் வைத்துவிட்டார். இடம்பெயர்ந்தவர்களுக்காக ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது, அதற்கு இரண்டு வருட அவகாசம்தான் என்று யாரோ சொல்ல, 2017இல் அப்பா நகரத்தில் ஒரு சட்டத்தரணியிடம் போனார். 85,000 ரூபா கொடுத்தார். 50,000க்குத்தான் துண்டு இருக்கிறது. காணி உறுதிப் பத்திரத்தின் மூலப் பிரதியையும் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பிறகு எப்போது கேட்டாலும் "தவணை போட்டிருக்கு, நீங்கள் வரத் தேவையில்லை" என்ற ஒரே பதில்தான். ஒரு வழக்கு இலக்கமும் தந்தார். அப்பா அதைக் காலண்டரின் பின்பக்கம் எழுதி வைத்திருந்தார். போன பங்குனியில் அப்பா போய்விட்டார். அந்தியேட்டி முடிந்த பிறகு அந்த இலக்கத்தை எடுத்துக்கொண்டு கோட்டுக்குப் போனேன். அது வேறு யாருடையதோ வாடகை வழக்கு. அப்பாவின் பெயரில் வழக்கே இல்லை.

அப்பா ஏழெட்டு வருடம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தக் கந்தோர் வாசலில் போய் நின்றிருக்கிறார். அதை நினைத்தால் நித்திரை வருவதில்லை. யாரிடம் போய்ச் சொல்வது?

பழைய கிளாக்கர் எழுதியது:

பிள்ளை, நான் நீதிமன்றப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குக் கிட்ட வேலை செய்து ஓய்வு பெற்றவன். முதலில் வழக்கு உண்மையிலேயே இல்லையா என்பதை எழுத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். தவறான இலக்கம் தந்திருக்கலாம், அப்பாவின் பெயரின் முதலெழுத்து மாறியிருக்கலாம், மூதூர் நீதிமன்றத்தில் போட்டிருக்கலாம். இரண்டு இடத்திலும் அப்பாவின் பெயரிலும் எதிராளியின் பெயரிலும் தேடித் தரும்படி எழுத்தில் விண்ணப்பியுங்கள். கவுண்டரில் "இல்லை" என்று வாயால் சொன்னதை யாரும் நாளைக்கு ஏற்கமாட்டார்கள்.

வழக்கு இருந்து, ஆள் வராததால் தள்ளுபடியாகியிருந்தால் அது வேறு கதை. குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 87ஆம் பிரிவின் கீழ், நியாயமான காலத்துக்குள் மனுவும் சத்தியக்கடதாசியும் (சத்தியம் செய்து எழுதிய வாக்குமூலம்) போட்டு, வராததற்குக் காரணம் காட்டி, அதைத் திரும்ப எடுக்கக் கேட்கலாம். முறைப்பாடு எழுதுவதில் மூழ்கி அதைக் கோட்டைவிட்டவர்களை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அப்பா கையெழுத்து வைத்த புரொக்சி, அதாவது அவருக்காக வழக்கு நடத்த அதிகாரம் தரும் பத்திரம், என்ன ஆனது என்பதையும் கேளுங்கள். புரொக்சி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால்தான் அவர் பதிவுபெற்ற சட்டத்தரணி. ஒருமுறை தாக்கலாகிவிட்டால் அவருக்கு அறிவித்து, நீதிமன்றத்தின் அனுமதியோடுதான் அதை ரத்துச் செய்யலாம். உங்கள் விஷயத்தில் அது அவருடைய லாச்சிக்குள் கிடக்கிறதோ தெரியாது. வேறு ஏதும் வெற்றுக் கடதாசியில் அப்பா கையெழுத்து வைத்தாரா என்று அம்மாவிடமும் விசாரியுங்கள்.

கடற்காகம் எழுதியது:

அக்கா, மனதைத் தேற்றிக்கொண்டு விட்டுவிடுங்கள். லோயருக்கு எதிராக லோயரிடம்தானே முறையிட வேண்டும். என் மாமா 2012இல் ஒரு கடிதம் எழுதினார், பதில்கூட வரவில்லை. இது சின்ன ஊர். நாளைக்கு வேறு ஒரு வழக்கு வந்தால் உங்களுக்கு நிற்க இங்கே யாரும் வரமாட்டார்கள்.

புதுக்கடைத் தங்கை எழுதியது:

நான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்து ஆறு வருடம். திருகோணமலையில் பிறந்தவள், இப்போது கொழும்பில் வேலை. கடற்காகம் அண்ணன் சொன்ன பயம் பொய்யில்லை, ஆனால் வழி இல்லை என்பது சரியில்லை.

இலங்கையில் சட்டத்தரணியாகச் சேர்த்துக்கொள்வதும் நாட்டின் மேலான நீதிமன்றமாகிய உயர் நீதிமன்றம் (Supreme Court), நீக்குவதும் உயர் நீதிமன்றம். 1978ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 42ஆம் பிரிவைப் பாருங்கள். வஞ்சகம், தொழில் முறைகேடு, குற்றச்செயல் ஆகியவற்றில் ஈடுபட்ட சட்டத்தரணியை, உயர் நீதிமன்றத்தின் மூன்று நீதியரசர்கள் சேர்ந்திருந்து விசாரித்து, தொழிலிலிருந்து இடைநிறுத்தலாம் அல்லது பெயரையே நீக்கலாம். அதற்கு முன் குற்றச்சாட்டுகளின் பிரதியை அவருக்குக் கொடுத்து, காரணம் காட்ட அவகாசம் தரவேண்டும். இலங்கைச் சட்டத்தரணிகள் சங்கமும் முறைப்பாட்டை ஏற்று விசாரிக்கிறது. ஆனால் அந்தத் தண்டனையைக் கொடுக்கும் அதிகாரம் சங்கத்திடம் இல்லை, நீதிமன்றத்திடம்தான். கடற்காகம் அண்ணன், உங்கள் மாமாவின் கடிதம் எங்கே போனது, அதோடு சத்தியக்கடதாசி இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். பல முறைப்பாடுகள் கதை எழுதிய வெறும் கடிதமாகப் போய் அங்கேயே நின்றுவிடுகின்றன.

அடுத்தது, சட்டத்தரணி எப்படி நடக்கவேண்டும் என்பதை உயர் நீதிமன்றமே 1988 டிசம்பரில் விதிகளாக வர்த்தமானியில் வெளியிட்டிருக்கிறது. கட்சிக்காரரின் நலனுக்காகத் திறமையோடும் அக்கறையோடும் வேலை செய்யவேண்டும் என்பது அதில் 15ஆம் விதி. நல்ல பெயருள்ள சக சட்டத்தரணிகள் கேவலம் என்று கருதக்கூடிய விதத்தில் நடக்கக்கூடாது என்பது 60ஆவது. சட்டத்தரணிக்குத் தகாத நடத்தை கூடாது என்பது 61ஆவது. உங்கள் அப்பாவுக்கு நடந்தது கவனயீனம் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. இல்லாத வழக்குக்கு இலக்கம் கொடுத்திருக்கிறார். மறதிக்காரர் அப்படிச் செய்யமாட்டார்.

அந்தப் புதுச் சட்டம் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் காலவிதிப்பு விசேட ஏற்பாடுகள் சட்டம். ஒருவர் 10 வருடம் எதிர்ப்பின்றி ஆண்டால் காணியில் உரிமை கோரலாம் என்பது பழைய காலவிதிப்புச் சட்டம். போரால் ஊரை விட்டு ஓடியவர் எப்படி எதிர்ப்பது? அதனால்தான் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்காமல் வழக்குப் போட ஒரு வழி திறந்தார்கள். அந்தக் கதவு திறந்திருந்தபோதே அப்பா பணத்தையும் உறுதியையும் கொடுத்திருக்கிறார். முறைப்பாட்டில் இதை முதல் பந்தியிலேயே எழுதுங்கள். கட்சிக்காரருக்கு ஏற்பட்ட இழப்பு என்ன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வேப்பமரத்தடி எழுதியது:

மிக்க நன்றி தங்கை. கிளாக்கர் ஐயாவுக்கும். இரண்டு கேள்வி. முறைப்பாடு செய்தால் காணி கிடைக்குமா? கொடுத்த காசாவது வருமா? காசை விடுங்கள், உறுதியாவது திரும்ப வேண்டும்.

புதுக்கடைத் தங்கை எழுதியது:

அக்கா, இதில் உங்களுக்கு ஏமாற்றம் வரக்கூடாது என்பதால் உள்ளதைச் சொல்கிறேன். ஒழுக்காற்று விசாரணை உங்களுக்கும் அவருக்கும் இடையிலான வழக்கு அல்ல. இந்த ஆள் சட்டத்தரணியாக இருக்கத் தகுதியானவரா என்று நீதிமன்றம் தன் அலுவலர் ஒருவரைப் பார்த்துக் கேட்கும் கேள்வி. காணி அதில் கிடைக்காது. நட்டஈட்டுக்கு மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக வழக்குப் போடவேண்டும். அதற்கும் காலவிதிப்பு, அதாவது வழக்குப் போடக் கால எல்லை, உண்டு. நட்டஈட்டுக் கோரிக்கைக்கு 2 வருடம், எழுத்தில் இல்லாத ஒப்பந்தத்துக்கு 3, எழுத்தில் இருந்தால் 6. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் உங்கள் வழக்கே தங்கியிருக்கும். அதனால் இந்த மாதமே ஒரு சட்டத்தரணியைப் பாருங்கள். வசதி குறைவென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் திருகோணமலையிலேயே இருக்கிறது.

இலக்கத்தைப் பொய்யாகக் கொடுத்துப் பணம் வாங்கியதைப் பொலிஸிலும் முறையிடலாம், ஏமாற்றல் தண்டனைச் சட்டக்கோவையில் குற்றம். இவை ஒன்றையொன்று தடுக்காது. உறுதியைத் திருப்பித் தரும்படி முதலில் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள், தபால் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். அவர் தராமல் விட்டால் அதுவும் முறைப்பாட்டில் சேரும்.

கிண்ணியா ரீச்சர் எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சியின் கதையைப் படித்ததும் என்னுடையதையும் எழுதத் தோன்றியது. எங்கள் உம்மா மகளுக்குச் சீதனமாக எழுதிய உறுதி. எழுதியவர் சட்டத்தரணியும் நொத்தாரிசும் (உறுதி எழுதிச் சான்றுப்படுத்துபவர்). நான்கு வருடம் கழித்து வங்கிக் கடனுக்காகக் காணிப் பதிவகத்தில் பார்த்தபோது அப்படி ஓர் உறுதி பதியப்படவே இல்லை. முத்திரைக் காசு, பதிவுக் காசு எல்லாம் வாங்கியிருந்தார். கேட்டால் "கிளாக் பிழை விட்டுட்டான்" என்கிறார். இது யாரிடம் போகும்?

பழைய கிளாக்கர் எழுதியது:

ரீச்சர், நொத்தாரிசு வேலைக்கு வேறு மேலிடம் இருக்கிறது. 1907ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி அவர்களை மேற்பார்க்கிறவர் பதிவாளர் நாயகம். ஒரு மாதத்தில் எழுதிய உறுதிகளின் இரண்டாம் பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்கு அனுப்பவேண்டும். அது நொத்தாரிசின் சொந்தக் கடமை, கிளாக்கைக் காட்டித் தப்ப முடியாது. நானும் கிளாக்காக இருந்தவன், எத்தனை பேருடைய பிழை எங்கள் தலையில் விழுந்தது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் பிரதி பதிவகத்துக்கு வந்ததா, வந்தும் பதியப்படாமல் நின்றதா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு. அவர் சட்டத்தரணியும் என்பதால் பதிவாளர் நாயகத்துக்கு ஒன்று, உயர் நீதிமன்றத்துக்கு ஒன்று என்று இரண்டு முறைப்பாடும் செய்யலாம். உம்மா இருக்கும்போதே உறுதியைச் சரிசெய்து பதிந்துகொள்ளுங்கள் ரீச்சர், பிந்த விடாதீர்கள்.

தம்பலகாமம் வயல் எழுதியது:

நான் இன்னொரு பக்கத்தையும் சொல்லவேண்டும். என் அண்ணன் சட்டத்தரணி, அவரோடு ஐந்து வருடம் கந்தோரில் இருந்திருக்கிறேன். வழக்குத் தோற்றவர் எல்லோரும் லோயர் எதிராளியிடம் காசு வாங்கிவிட்டார் என்றுதான் வெளியில் சொல்வார்கள். சாட்சியைக் கூட்டி வராதவர் கட்சிக்காரர், கடைசி நிமிடத்தில் வேறு உறுதியைக் கொண்டு வருபவர் கட்சிக்காரர், பழி சட்டத்தரணிக்கு. சண்டைக் காலத்தில் இந்தக் கோட்டுக்கு வர யாரும் இல்லாதபோது, சோதனைச் சாவடிகளைத் தாண்டி வந்து, காசு வாங்காமல் நின்ற சட்டத்தரணிகள் இந்த ஊரில் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்துத் திட்டுவது எனக்கு வலிக்கிறது.

வேப்பமரத்தடி எழுதியது:

அண்ணன், நான் யாரையும் சேர்த்துத் திட்டவில்லை. அப்பா தோற்றிருந்தால் நான் இங்கே எழுதியிருக்கவே மாட்டேன். அவருக்குத் தோற்கக்கூட ஒரு வழக்கு இருக்கவில்லை.

தம்பலகாமம் வயல் எழுதியது:

நீங்கள் சொல்வது சரி தங்கச்சி. உங்கள் விஷயத்தில் எனக்கு வாதம் இல்லை. அண்ணனிடமும் இரவு இதை வாசித்துக் காட்டினேன். "இப்படியானவரைப் பற்றி முறையிடாமல் விட்டால் நாளைக்கு என் கட்சிக்காரனும் என்னை நம்பமாட்டான்" என்றார். எந்த உதவி வேண்டுமென்றாலும் கேளுங்கள்.

இரவு ரயில் எழுதியது:

நான் இந்தப் பாதையில் கடைசிவரை போய் வந்தவன், அதனால் எழுதுகிறேன். என்னுடையது வேறு வகை. என் அம்மாவின் பாகப்பிரிவினை விஷயமாக ஆலோசனை கேட்டு, குடும்பத்து உள்விவகாரம் முழுவதையும் ஒருவரிடம் சொல்லியிருந்தோம். அடுத்த வருடம் அதே காணியில் சித்தப்பாவுக்காக அவரே வந்து நின்றார். அம்மாவைக் குறுக்குக் கேள்வி கேட்டபோது, நாங்கள் அவருடைய அறையில் சொன்னவற்றை வைத்தே கேட்டார். அம்மா சாட்சிக் கூண்டிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது.

கட்சிக்காரர் தொழில் நிமித்தம் சொன்னதை வெளிவிடக்கூடாது என்பது 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டத்திலேயே 126ஆம் பிரிவில் இருக்கிறது. அவரோடான தொடர்பு முடிந்த பிறகும் அந்தக் கடமை தொடரும். காசு கொடுக்காததால் நாங்கள் அவருடைய கட்சிக்காரர் இல்லை என்று வாதிட்டார். அந்த வாதம் எடுபடவில்லை.

முறைப்பாட்டைச் சத்தியக்கடதாசியாக எழுதி, சமாதான நீதவான் முன் கையெழுத்து வைத்து, உயர் நீதிமன்றப் பதிவாளருக்கு அனுப்பினேன். தமிழில்தான் எழுதினேன், ஏற்றுக்கொண்டார்கள். சங்கத்தின் குழு முன் முதலில் விசாரணை. அவரும் இருப்பார், நீங்களும் இருப்பீர்கள். கேள்வி கேட்பார்கள். அழுதால் தண்ணீர் தருவார்கள், ஆனால் திகதி என்ன, துண்டு எங்கே என்றுதான் திரும்பவும் கேட்பார்கள். அது கல்நெஞ்சம் இல்லை என்பது பிறகுதான் விளங்கியது. ஒருவருடைய பிழைப்பைப் பறிக்கும் முடிவு, கண்ணீரை வைத்து எடுக்க முடியாது.

அப்புறம் உயர் நீதிமன்றம். சட்டமா அதிபர் திணைக்களத்திலிருந்து ஒருவரும் சங்கத்துக்காக ஒருவரும் முன்னிலையானார்கள். எனக்குத் தனியாக ஆள் பிடிக்கவேண்டி வரவில்லை. திருகோணமலையிலிருந்து இரவு ரயிலில் ஏறி, விடியக் கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி, முகம் கழுவி, உயர் நீதிமன்றம் இருக்கும் புதுக்கடைக்கு நடந்து போவேன். ஒன்பது முறை போனேன். நான்கு முறை ஒத்திவைப்பு. முடிய மூன்றரை வருடம். அவர் இடைநிறுத்தப்பட்டார்.

கடற்காகம் தம்பி சொன்னது போல ஊரில் கொஞ்சப் பேர் முகம் கொடுக்காமல் விட்டது உண்மை. அதே ஊரில், கோட்டு வளவில் எனக்குப் பெயர்கூடத் தெரியாத ஒரு மூத்த சட்டத்தரணி கிட்ட வந்து, "நல்ல வேலை செய்தீர்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு ஆள் கிடைக்காமல் போகவில்லை. அம்மாவின் வழக்கை இப்போது நடத்துகிறவரும் இந்த ஊர்க்காரர்தான்.

கடற்காகம் எழுதியது:

அண்ணன், உங்களுடையதைப் படித்த பிறகு மாமாவிடம் போன் பண்ணிக் கேட்டேன். சத்தியக்கடதாசி இல்லை. ஒரு பக்கக் கடிதம், அதுவும் சாதாரணத் தபாலில். அக்கா, நான் விட்டுவிடுங்கள் என்று சொன்னதற்கு மன்னியுங்கள்.

வேப்பமரத்தடி எழுதியது:

ஒரு வாரமாக எழுத முடியவில்லை. பதிவுத் தபால் போன மூன்றாம் நாளே அவர் போன் எடுத்தார். வீட்டுக்கும் வந்தார். 85,000த்தோடு மேலும் ஒரு லட்சம் தருவதாகவும், "எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை, வழக்குப் போடவேண்டாம் என்று அப்பாதான் சொன்னார்" என்று ஒரு கடிதத்தில் கையெழுத்து வைக்கும்படியும் கேட்டார். அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார், அவரும் குடித்தார். அப்பாவின் படத்துக்குக் கீழேதான் கதிரை.

அம்மா காசை வாங்கச் சொல்கிறார். என் சொந்தத் தங்கையின் மகளுக்கு ஒப்பரேஷன் இருக்கிறது. வீட்டில் இரண்டு நாளாகச் சண்டை.

புதுக்கடைத் தங்கை எழுதியது:

அக்கா, 85,000 உங்கள் காசு. அதை வாங்குவதில் ஒரு பிழையும் இல்லை, அம்மா சொல்வது நியாயம். வாங்கும்போது "வழக்குத் தாக்கல் செய்வதற்காக 2017இல் செலுத்திய பணம் திருப்பித் தரப்பட்டது" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். உறுதியையும் அதே நேரம் வாங்குங்கள். அந்த மேலதிக ஒரு லட்சத்தை முறைப்பாட்டைக் கைவிடுவதற்கு விலையாக வாங்காதீர்கள். நட்டஈடாகத் தருவதானால் உங்கள் சட்டத்தரணி மூலம் தரட்டும்.

அந்தக் கடிதத்தில் மட்டும் கையெழுத்து வைக்காதீர்கள். அப்பா சொல்லாததைச் சொன்னதாக நீங்கள் எழுதிக் கொடுத்தால் பொய்யர் நீங்களாகிவிடுவீர்கள். காசு திரும்பிவிட்டது, சமாதானம் ஆகிவிட்டது என்பதால் ஒழுக்காற்று விசாரணை தானாக நின்றுவிடாது என்பதையும் அம்மாவிடம் சொல்லுங்கள். கட்சிக்காரர் மன்னித்தாலும் நீதிமன்றத்துக்குத் தன் கடமை இருக்கிறது.

பழைய கிளாக்கர் எழுதியது:

அவர் வீட்டுக்கு வந்த நாள், நேரம், என்ன சொன்னார், யார் கேட்டார்கள் என்பதை இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள் பிள்ளை. ஒரு மாதம் போனால் நினைவு மாறிவிடும். காலண்டரையும் எறிந்துவிடாதீர்கள். அப்பாவின் கையெழுத்தில் இருக்கும் அந்த இலக்கம்தான் உங்களிடம் உள்ள பெரிய சாட்சி.

கிண்ணியா ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, மகளின் ஒப்பரேஷனுக்கு என்ன தேவை என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். எங்கள் பள்ளிக்கூட ஆசிரியர்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். அந்த ஒரு லட்சத்துக்காக நீங்கள் கையெழுத்து வைக்கவேண்டாம்.

என் விஷயம்: இரண்டாம் பிரதி பதிவகத்துக்கு வரவே இல்லையாம். எழுத்தில் எடுத்துவிட்டேன். உம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வேறு நொத்தாரிசிடம் புதிதாக எழுதினோம், இந்த முறை பதிவுத் துண்டைக் கையில் வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். பதிவாளர் நாயகத்துக்கும் அனுப்பியாகிவிட்டது.

வேப்பமரத்தடி எழுதியது:

நேற்று 85,000மும் உறுதியும் கைக்கு வந்தன. தங்கை சொன்னபடி எழுதி வாங்கினேன். மற்றக் கடிதத்தில் கையெழுத்து வைக்கவில்லை. உறுதியின் ஓரம் செல்லரித்திருக்கிறது, வாசிக்கலாம்.

இரண்டு நீதிமன்றத்திலும் தேடி, வழக்கு இல்லை என்று எழுத்தில் கிடைத்துவிட்டது. சட்ட உதவி நிலையத்தில் நட்டஈட்டு வழக்குக்கான விபரங்களை எடுத்திருக்கிறார்கள், அடுத்த புதன்கிழமை வரச் சொன்னார்கள். தம்பலகாமம் அண்ணனின் அண்ணன் சத்தியக்கடதாசியை எழுதித் தந்தார், காசு வாங்கவில்லை. இன்று காலை அம்மாவையும் கூட்டிக்கொண்டு சமாதான நீதவானிடம் போனேன். வழியில் இரண்டு மான்கள் நடுத் தெருவில் நின்றன, ஓட்டோக்காரர் இறங்கி விரட்டும்வரை அம்மா அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "நானும் கையெழுத்து வைக்கலாமா" என்று கேட்டார். அப்பா கந்தோருக்குப் போன நாட்களை அவர்தான் கண்டவர். அவருக்கும் தனியாக ஒரு சத்தியக்கடதாசி எழுதினோம்.

இரண்டையும், காலண்டர்த் தாளின் பிரதியையும் வைத்துப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன். இரவு ரயில் அண்ணன், புதுக்கடைக்குப் போகும் நாள் வந்தால் எந்தப் பெட்டியில் இருக்கை எடுப்பது என்று உங்களிடம்தான் கேட்பேன்.

இரவு ரயில் எழுதியது:

கேளுங்கள் தங்கச்சி. முதல் நாள் நானும் கூட வருகிறேன்.